உங்கள் வீட்டில் இப்போது எந்த நூல்? – கரிசல் மண்ணில் எழுந்த சீறா தரும் பாடம்





அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய இறுதித் தூதர் அண்ணல் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறேன்.

இருவர் சந்தித்துக்கொண்டால் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. உடல்நலம் எப்படி? பிள்ளைகள் நலமா? வியாபாரம் எப்படிப் போகிறது? கரிசல் காட்டு ஊர்களில் இவற்றோடு, மழை உண்டா என்பதும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் நல்ல கேள்விகளே. ஆனால் நம் முன்னோரிடையே வழங்கிய இன்னொரு கேள்வி நம் நாவிலிருந்து மெல்ல மறைந்துவிட்டது. "இப்போது என்ன நூல் ஓதிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்பதே அக்கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்ட சமுதாயம் எப்படி இருந்தது, அதை மறந்ததால் நாம் இழந்தது என்ன என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிந்திப்போம். அதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் எட்டயபுரம் வந்துவிடும். தமிழ் முஸ்லிம்களின் தலைசிறந்த காப்பியத்தை இயற்றிய உமறுப் புலவர் அங்கேதான் அடங்கியிருக்கிறார்.

எழுதுகோலை நினைவூட்டிய முதல் வஹீ

முதலில் அடித்தளத்தைப் பார்ப்போம். ஹிரா குகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பட்ட முதல் வேத வசனங்கள் ஓதும்படி கட்டளையிட்டன. எழுதுகோலின் வாயிலாக மனிதனுக்குக் கற்பித்த இறைவனின் அருளை நினைவூட்டின. எழுதப் படிக்கத் தெரிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்த ஒரு நகரத்தில் இறங்கிய கட்டளை அது.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போர் நடைபெற்றது. சிறைபிடிக்கப்பட்ட குறைஷியருள் மீட்புத்தொகை செலுத்த இயலாதவர்களும், ஆனால் எழுத்தறிவு உடையவர்களும் இருந்தனர். மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே அவர்களுடைய மீட்புத்தொகையாக ஆக்கப்பட்டது. பொருள் மிகவும் தேவைப்பட்ட அக்காலத்தில், பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஈடாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

பெண்மணிகளும் இதிலிருந்து விலக்கப்படவில்லை. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்னும் கற்றறிந்த பெண்மணி, அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அந்தக் கல்வி பிற்காலத்தில் எங்கே சென்று சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானார்கள். குர்ஆனை ஒன்றுதிரட்டி எழுத வேண்டும் என்று உமர் (ரழி) அவர்கள் கலீஃபா அபூபக்ர் (ரழி) அவர்களிடம் எடுத்துரைத்தார்கள். நபிகளார் செய்யாத ஒன்றை நாம் எவ்வாறு செய்வது என்று கலீஃபா முதலில் தயங்கினார்கள். பிறகு அதிலுள்ள நன்மையை உணர்ந்து இசைந்தார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்கள் அப்பெரும் பணியை நிறைவேற்றினார்கள். அந்த ஏடுகள் அபூபக்ர் (ரழி) அவர்களிடமும், அவர்களுக்குப் பின் உமர் (ரழி) அவர்களிடமும், பின்னர் அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களிடமும் இருந்தன.

உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் பிரதிகள் எடுக்கவேண்டிய தேவை எழுந்தது. அன்னையவர்களிடம் அந்த ஏடுகளைக் கேட்டுப் பெற்று, பிரதிகள் எடுத்து முடித்த பின், வாக்களித்தபடியே திருப்பி ஒப்படைத்தார்கள். இரவல் வாங்கிய நூலைத் திருப்பித் தருவது என்னும் ஒழுக்கத்துக்கு இஸ்லாமிய வரலாற்றில் இதைவிட உயர்ந்த எடுத்துக்காட்டு இல்லை. அன்று அவர்கள் அதை இரவல் தந்திராவிட்டால், அவர்கள் திருப்பித் தந்திராவிட்டால் என்று எண்ணிப் பாருங்கள். நூலைப் பகிர்வதும் அமானிதம். திருப்பித் தருவதும் அமானிதம்.

கேட்டவர்களின் பெயரையும் எழுதிய சமுதாயம்

பின்வந்த நூற்றாண்டுகளில் முஸ்லிம் அறிஞர்கள் ஒரு சிறப்பான வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். ஹதீஸ் நூல் ஒன்றை ஆசிரியரின் முன்னிலையில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வாசிப்பு முடிந்ததும் அந்நூலின் ஓரத்திலோ இறுதியிலோ, யார் வாசித்தார், எவர் எவர் கேட்டார்கள், எந்த இடத்தில், எந்த நாளில் என்ற விவரங்கள் எழுதப்படும். இக்குறிப்புகளுக்கு 'ஸமாஉ' என்று பெயர்.

ஹிஜ்ரி 6, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த திமிஷ்க் நகரத்துக் கையெழுத்துப் பிரதிகளில் இத்தகைய குறிப்புகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பேரறிஞர்களின் பெயர்களோடு வணிகர்கள், கைத்தொழில் புரிவோர், பெண்கள், சிறுவர்கள் ஆகியோரின் பெயர்களும் அவற்றில் உள்ளன. இடையில் வந்தவர் யார், எந்தப் பகுதியைக் கேட்கத் தவறியவர் யார் என்றுகூடச் சில குறிப்புகள் சொல்கின்றன.

அச்சமுதாயம் நூலைத் தனியே மூலையில் அமர்ந்து படித்து மூடிவைக்கும் பொருளாகக் கருதவில்லை. ஒருவர் ஓத, பலர் கேட்க, கேட்டவர் பிறருக்குச் சொல்ல, அப்படிக் கைமாறி வாழும் பொருளாகவே கருதியது. நம் தமிழ் மண்ணிலும் இதே மரபு வேறொரு வடிவில் தழைத்தது.

எட்டயபுரத்துப் புலவர்

உமறுப் புலவர் 1642-இல் பிறந்து 1703-இல் மறைந்தவர் என்பர். தந்தையார் சேகு முதலியார் நறுமணப் பொருள் வணிகர். நாகலாபுரத்தில் வாழ்ந்து பின் எட்டயபுரத்தில் குடியேறிய குடும்பம் அது. எட்டயபுரம் அரசவைப் புலவராக விளங்கிய கடிகை முத்துப் புலவரிடம் உமறு தமிழ் கற்றார். ஒரு முஸ்லிம் வணிகரின் மகனுக்கு அவையின் பெரும்புலவர் தம் ஏடுகளைத் திறந்து காட்டினார். பின்னர் அந்த மாணவரே ஆசிரியரின் இடத்தில் அரசவைப் புலவராக அமர்ந்தார்.

கீழக்கரையின் பெருவணிகரும் கொடைவள்ளலுமான சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர், நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடவேண்டும் என விரும்பினார். தமிழில் காப்பியங்கள் பல இருந்தன. ஆனால் தம் உயிரினும் மேலான நபியின் வரலாற்றை அந்த வரிசையில் வைத்துப் படிக்கத் தமிழ் முஸ்லிம்களுக்கு ஒரு பெருங்காப்பியம் இல்லை. அக்குறையைத் தீர்க்கும் பணி உமறுவிடம் வந்தது.

உமறுவிடம் தமிழ் இருந்தது. ஆயினும் ஸீரத்துச் செய்திகள் அரபு நூல்களில் இருந்தன. அவற்றை அறிய மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை அணுகினார். அப்பா அவர்கள் முதலில் இசையவில்லை என்றும், புலவரின் தோற்றமும் உடையும் மார்க்க நெறிக்கு ஏற்றவையாக இல்லை எனக் கருதினார்கள் என்றும், பிறகு மனமிரங்கினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த மாமு நயினார் லெப்பை ஆலிம் அரபு நூல்களிலிருந்து செய்திகளை எடுத்து விளக்க, புலவர் அவற்றைக் கேட்டு விருத்தங்களாக யாத்தார் என்பது அந்த மரபின் தொடர்ச்சி.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஆலிம் ஏன் தயங்கினார்? பெருமானாரின் வரலாறு கவிஞரின் கற்பனையில் திரிந்துவிடக் கூடாதே என்ற கவலை ஓர் ஆலிமுக்கு இருந்தே தீரும். அபூபக்ர் (ரழி) அவர்களிடம் நாம் கண்ட தயக்கமும் இத்தகையதே. ஆனால் அந்தத் தயக்கம் கதவை அடைத்துக்கொள்வதாக முடியவில்லை. 'தவறாக எழுதிவிடுவாயோ' என்ற அச்சம், 'வா, சரியாக எழுதக் கற்றுத்தருகிறேன்' என்ற பொறுப்பாக மாறியது. எச்சரிக்கையும் உதவியும் ஒன்றுசேர்ந்தபோது ஒரு காப்பியம் பிறந்தது.

நூல் நிறைவு பெறுவதற்குள் சீதக்காதி வள்ளல் மறைந்தார். அப்பணி நின்றுவிடாதபடி பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பேற்று ஆதரித்தார். அவரைப் புலவர் நூலின் பல இடங்களில் நன்றியோடு நினைத்துப் பாடுகிறார்.

ஆக, சீறாப்புராணம் ஒருவருடைய உழைப்பு அன்று. எட்டயபுரத்து ஆசிரியர் தமிழைத் தந்தார். ஆலிம் பெருமக்கள் அறிவைத் தந்தார்கள். வணிகர்கள் பொருளைத் தந்தார்கள். புலவர் தம் வாழ்நாளைத் தந்தார். இந்நால்வரில் ஒருவர் தம்மிடம் இருந்ததைப் பகிராமல் வைத்துக்கொண்டிருந்தாலும் அந்நூல் நம் கைக்கு வந்திராது.

சீறாவை எவ்வாறு படிப்பது?

சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களை உடையது. முறையே 24, 21, 47 என மொத்தம் 92 படலங்கள். 5027 விருத்தப் பாக்கள். பிறப்பு, நபித்துவம், ஹிஜ்ரத் ஆகிய மூன்று சொற்களே காண்டங்களின் பெயர்களாயின. அரபுச் சொல்லும் தமிழ்க் காப்பிய அமைப்பும் அங்கே இணைந்து நிற்கின்றன.

நாட்டுப் படலத்தைப் படிப்போர் வியப்பர். அரபு நாட்டின் மேல் மேகம் திரண்டு மழை பொழிகிறது. வெள்ளம் மலையிலிருந்து இறங்கி முல்லையையும் மருதத்தையும் கடந்து ஓடுகிறது. வயல்களில் உழவு நடைபெறுகிறது. பாலைவனத்தில் இவையெல்லாம் ஏது என்று சிலர் கேட்பர். தமிழ்க் காப்பிய மரபில் நாட்டுவளம் பாடுவது முறை. அம்முறைப்படி புலவர் பாடினார் என்பது அதற்கு விடை. இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. வானத்தை அண்ணாந்து பார்த்தே ஆண்டெல்லாம் வாழும் கரிசல் சீமையிலிருந்து வந்தவர் அவர். தாம் நேசித்த நபி பிறந்த நாட்டுக்குக் கொடுப்பதற்கு மழையைவிடச் சிறந்த பரிசு அவர் உள்ளத்தில் இருந்திருக்குமா?

ஆனால் ஓர் ஆலிம் என்ற முறையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். சீறாப்புராணம் இலக்கியம், ஹதீஸ் தொகுப்பு அன்று. அதிலுள்ள வருணனைகளையும் உறுதி குறைந்த செய்திகளையும் மார்க்க ஆதாரமாகக் கொள்ளலாகாது. ஸீரத்தின் ஆதாரபூர்வமான செய்திகளுக்கு ஹதீஸ் நூல்களையும் ஸீரா நூல்களையும் நாட வேண்டும். இதைக் காரணம் காட்டிச் சிலர் சீறாவையே ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலரோ பொருள் அறியாமல் இசைக்காக மட்டும் போற்றுகின்றனர். இரண்டும் சரியல்ல. அறிந்தவரின் துணையோடு, எது வரலாறு, எது கவிநயம் என்று பிரித்தறிந்து படிப்பதே நடுநிலை. முன்னோர் அப்படித்தான் படித்தனர்.

தமிழக முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் சீறாவை ஒருவர் இசையோடு பாட, கற்றவர் ஒருவர் பொருள் சொல்ல, ஊரார் அமர்ந்து கேட்பது வழக்கமாக இருந்தது. எழுத்தறியாத தாய்மாரும் கேள்வியின் வழியே நபியவர்களின் வரலாற்றை அறிந்தனர். ஒரே ஏட்டுச்சுவடி ஓர் ஊரையே படிப்பித்தது.

ஓலையிலிருந்து அச்சுக்கு

ஓலைச்சுவடிக்குக் கரையானும் பூச்சியும் பகை. படி எடுக்க எடுக்கப் பிழைகளும் பெருகும். 1835-இல் இந்தியாவில் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. அதற்குப் பின் 7 ஆண்டுகளில், அதாவது 1842-இல், காயல்பட்டினத்தைச் சேர்ந்த ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சீறாப்புராணத்தைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தார்கள். உ. வே. சாமிநாதையர் அவர்களின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887-இல். அதற்கு 45 ஆண்டுகள் முன்னரே ஓர் ஆலிம் ஒரு தமிழ்க் காப்பியத்தை அச்சேற்றியிருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

அதன்பின் இதழ்களின் காலம் வந்தது. 1882-இல் இலங்கையின் கண்டி நகரில் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்கள் தேவை, பெண்கல்வி தேவை என்று அவ்விதழில் வாதாடினார். 1885-இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. சிங்கப்பூரில் 1887 முதல் 1890 வரை 'சிங்கை நேசன்' வார இதழை மகுதூம் சாகிப் நடத்தினார். தமிழகத்தில் பா. தாவூத் ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்' பல்லாண்டுகள் வெளிவந்தது. மார்க்கக் கருத்துகளில் அவருடன் ஆலிம்கள் பலர் மாறுபட்டனர். எனினும் தமிழ் முஸ்லிம்களிடையே வாசிக்கும் பழக்கத்தை வளர்த்ததில் அவ்விதழின் பங்கை எவரும் மறுக்கவில்லை. அப்துல் ஹமீது பாக்கவி (ரஹ்) அவர்கள் பல்லாண்டு உழைத்துத் திருக்குர்ஆனின் தமிழாக்கத்தைத் தந்தார்கள். இன்றும் பல இல்லங்களில் அது உள்ளது.

இதே தூத்துக்குடி மாவட்டத்தில், காயல்பட்டினத்தில், ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஸஹீஹுல் புகாரி ஓதி விளக்கம் கூறும் மஜ்லிஸ் நடந்துவருகிறது. ஓதுவோரும் கேட்போருமாக ஓர் ஊரே ஒரு நூலைச் சுற்றி அமர்கிறது. திமிஷ்க்கில் கண்ட அதே மரபு மன்னார் வளைகுடாக் கரையில் உயிரோடு இருக்கிறது என்று எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

அண்டை அயலாரிடமும் பாடம் உண்டு

கரிசல் வட்டாரத்தின் நன்மைகளுள் ஒன்று, நூலை நேசிக்கும் அயலாரை அல்லாஹ் நமக்கு அளித்திருப்பது. உமறுப் புலவரின் அடக்கத்தலத்தின் மீது 1912-இல் கட்டடம் எழுப்பியவர் பிச்சையாக் கோனார் என்னும் அன்பர். முஸ்லிம் அல்லாத ஒருவர் ஒரு முஸ்லிம் புலவரின் தமிழுக்காகத் தம் பொருளைச் செலவிட்டார். 2007-இல் தமிழக அரசு அவ்வூரில் புலவருக்கு மணிமண்டபம் திறந்தது.

அதே எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்தவர் பாரதியார். அவர் 1920-இல் பொட்டல்புதூரில் முஸ்லிம்கள் கூடியிருந்த அவையில் இஸ்லாத்தின் பெருமை குறித்துப் பேசினார். பிறருடைய மார்க்கத்தைப் பற்றி அவர்கள் முன்னிலையிலேயே பேசுவதற்குப் படிப்பும் வேண்டும், மதிப்பும் வேண்டும்.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் ஒரு சிற்றூர். அங்கே 1923-ஆம் ஆண்டில் இருவர் பிறந்தனர்: கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். கல்லூரிப் படிப்பு இருவருக்கும் இல்லை. கி. ரா. பள்ளிக் கல்வியையே முடிக்கவில்லை. ஆனால் இருவரும் நூல்களைப் பகிர்ந்து படித்தனர், படித்ததைப் பேசினர், பிரிந்து வாழ்ந்த காலத்தில் கடிதங்களில் எழுதிக்கொண்டனர். அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாகவே வெளிவந்தன. அழகிரிசாமி 1970-இல் மறைந்தார்; அவ்வாண்டின் சாகித்திய அகாதமி விருது அவருடைய 'அன்பளிப்பு' தொகுதிக்கு வழங்கப்பட்டது. கி. ரா. 1991-இல் அவ்விருதைப் பெற்று, 2021-இல் மறைந்தார். அவர்களைத் தொடர்ந்து இதே வட்டாரத்தைச் சேர்ந்த பூமணி 2014-இலும், சோ. தர்மன் 2019-இலும் அவ்விருதைப் பெற்றனர்.

மழை குறைந்த, வசதி குறைந்த ஒரு வட்டாரத்தில் இத்தனை எழுத்தாளர்கள் எப்படித் தோன்றினர்? கரிசல் மண்ணின் இயல்பை உழவர்கள் அறிவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் பருத்திக்கும் பயறு வகைகளுக்கும் அந்த ஈரத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்கும் மண் அது. கிடைத்தது கொஞ்சமானாலும் அதை வீணாக்காமல் காத்து வைத்துக் கொடுத்தால் விளைச்சல் உண்டு. சில நூல்களே கிடைத்தபோதும் அவற்றைக் கைமாற்றிப் படித்தவர்கள் அவ்வாறே விளைந்தனர்.

நம் நிலை என்ன?

இப்போது நம் இல்லங்களைப் பார்ப்போம். ஸீரத்தும் ஹதீஸும் தமிழில் எளிதாகக் கிடைக்கின்றன. உமறுவுக்குப் பல ஊர் நடந்து ஆலிமைத் தேடிப்பெற வேண்டியிருந்த செய்திகள் இன்று ஓர் அலமாரியில் அடங்கிவிடுகின்றன. எனினும் அந்த அலமாரி திறக்கப்படுவது எத்தனை நாளுக்கு ஒருமுறை?

பகிர்தல் நம்மிடம் குறையவில்லை என்பது உண்மை. முன்னெப்போதையும்விட அதிகமாகப் பகிர்கிறோம். கைப்பேசியில் காலையில் ஒரு செய்தி வருகிறது. ஹதீஸ் என்ற தலைப்பு அதில் இருக்கிறது. எந்த நூலில் உள்ளது, யார் அறிவித்தார் என்பது இல்லை. நாம் அதை முழுமையாகப் படிப்பதற்குள்ளேயே விரல் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறது. தான் கேட்டதையெல்லாம் ஆராயாமல் பிறருக்குச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார்கள்.

முன்னோரின் பகிர்வுக்கும் நம் பகிர்வுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அவர்கள் படித்ததைப் பகிர்ந்தார்கள். நாம் படிக்காததைப் பகிர்கிறோம். அவர்களுடைய பகிர்வில் கேட்டவரின் பெயரும் இருந்தது. நம்முடைய பகிர்வில் சொன்னவரின் பெயரே இல்லை.

இன்னொரு கவலையும் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் தமிழை வீட்டில் பேசுகிறார்கள். ஆனால் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்க இயலாதவர்களாய் வளர்கிறார்கள். மக்தபில் அரபு எழுத்தைக் கூட்டி ஓதுகிறார்கள், பொருள் தெரியவில்லை. ஆங்கிலப் பாடநூலைத் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மூடிவிடுகிறார்கள். சீறா மட்டுமன்று, எளிய உரைநடையில் எழுதப்பட்ட ஸீரத்து நூலும் அவர்களுக்கு எட்டாத நூலாகிவிடும் அபாயம் இருக்கிறது. ஓலையைக் கரையான் அரித்தால் வேறொரு படியைத் தேடலாம். படிக்கும் ஆளே இல்லாமற்போனால் எதைத் தேடுவது?

செய்யத்தக்கவை

அன்பர்களே! பெரிய திட்டங்கள் தேவையில்லை. எளியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கால் மணி நேரம். கைப்பேசிகள் ஓரிடத்தில் இருக்கட்டும். ஒருவர் ஒரு பக்கம் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். இன்று மகன் என்றால் நாளை மகள். எழுத்தறியாத பாட்டிமார் கேட்டுத் தம் கருத்தைச் சொல்லட்டும். பிள்ளைகள் அத்தா என்று அழைத்தாலும் வாப்பா என்று அழைத்தாலும், அந்தக் கால் மணி நேரம் தந்தையும் அமர்ந்திருக்க வேண்டும். தந்தை படிக்காத வீட்டில் பிள்ளையைப் படி என்று சொல்வது பலன் தராது.

இரண்டாவது, பள்ளிவாசல். தொழுகைக்குப் பின் சிறிது நேரம் நூல் வாசிக்கும் தஃலீம் வழக்கம் பல பள்ளிகளில் உள்ளது. அத்துடன் வாரம் ஒருமுறை ஜமாஅத்தார் ஒருவர் எழுந்து, தாம் இப்போது படித்துவரும் நூல் எது, அதில் தாம் கற்றது என்ன என்று ஐந்து நிமிடம் சொல்லட்டும். அவர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. தீப்பெட்டித் தொழிற்சாலையில் பணிபுரிபவரும், கடை வைத்திருப்பவரும் சொல்லலாம். மார்க்க விஷயத்தில் ஐயம் எழுந்தால் தெளிவுபடுத்த இமாம் அங்கே இருப்பார். திமிஷ்க்கின் ஏடுகளில் கைத்தொழிலாளியின் பெயர் எழுதப்பட்டதென்றால், நம் பள்ளிவாசலில் அவருடைய குரல் ஏன் ஒலிக்கக் கூடாது?

மூன்றாவது, பொது நூலகம். 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் செலுத்தும் சொத்துவரியுடன் நூலக வரியும் சேர்ந்தே வசூலிக்கப்படுகிறது. பணத்தைக் கட்டிவிட்டுப் பயனைப் பெறாமல் இருக்கிறோம். பிள்ளைகளை அழைத்துச் சென்று உறுப்பினராக்குங்கள். எடுத்த நூலை உரிய நாளில் திருப்பித் தரப் பழக்குங்கள். அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களின் ஏடுகள் திரும்பிச் சென்ற வரலாற்றை அப்போது அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நான்காவது, அன்பளிப்பு. திருமணத்துக்கும் குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளுக்கும் எதையெதையோ கொடுக்கிறோம். அவற்றோடு ஒரு நூலையும் சேர்த்துக் கொடுப்போம். கொடுப்பதற்கு முன் அதை நாம் படித்திருப்பது சிறப்பு.

மனிதன் இறந்த பின்னும் தொடரும் நன்மைகள் மூன்று என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நிலையான தர்மம், பயனளிக்கும் கல்வி, பெற்றோருக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகியவையே அவை. ஒரு நூலை வாங்கி வைத்து, அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டி, அப்பிள்ளை பிறருக்குச் சொல்லும் நிலையை உருவாக்கினால், மூன்று நன்மைகளையும் ஒரே செயலில் எதிர்பார்க்கலாம்.

உமறுப் புலவரின் காப்பியம் நபிகளாரின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்காமலே நின்றுவிட்டது. எஞ்சிய பகுதியைப் பனீ அஹ்மது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடி நிறைவு செய்தார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்வதே நம் மரபு. சீதக்காதி விட்டதை அபுல் காசிம் தொடர்ந்தார். உமறு விட்டதைப் பனீ அஹ்மது தொடர்ந்தார். ஏடு எழுதியோர் விட்டதை அச்சிட்டோர் தொடர்ந்தனர். படிப்பதும் படித்ததைச் சொல்வதுமான பகுதி இப்போது நம் கையில் இருக்கிறது.

எனவே அடுத்த ஜும்ஆவுக்கு வரும்போது, தொழுகை முடிந்து முஸாஃபஹாச் செய்யும் சகோதரரிடம் நலம் விசாரியுங்கள். மழையைப் பற்றியும் கேளுங்கள். அத்துடன், "இப்போது என்ன நூல் படிக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். அவர் திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு விடை இருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயனளிக்கும் கல்வியைத் தருவாயாக! கற்றதைப் பகிரும் உள்ளத்தைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளை நூலோடும் நற்பண்போடும் வளரச் செய்வாயாக! உன் தூதரின் வரலாற்றை எங்கள் தாய்மொழியில் எங்களுக்குத் தந்த முன்னோர் அனைவரின் மண்ணறைகளையும் ஒளிமிக்கதாக ஆக்குவாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.